தளம் போடும் நாளில் முட்டுக்காலை உடைத்தவர்

முதல் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கொத்தனார் முனுசாமி வாசலில் வந்து நின்று, "சார், பாய் பூட்டாருங்க" என்றார். சாக்பீஸை வைத்துவிட்டு அப்படியே கிளம்பினேன். தருமபுரிக் கட்டடக் காண்டிராக்டர் காதர் பாய் தூக்கத்தில் போய்விட்டாராம். நம்ப முடியவில்லை. ஊரெல்லாம் சண்டை இழுத்தவருக்கு இப்படி ஒரு அமைதியான சாவா!

எங்கள் பாலிடெக்னிக்கில் கட்டடப் பிரிவுக்கு நான் பொறுப்பு. பயிற்சிக்கு மாணவர்களை அனுப்பினால், காண்டிராக்டர்கள் டீ வாங்கிக் கொடுத்து, சான்றிதழில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாயிடமும் அதையே எதிர்பார்த்துப் போனேன். நீட்டிய சான்றிதழ்களைக் கிழித்து என் முகத்தில் எறிந்தார்.

"வேல பாக்காதவனுக்கு நான் கையெழுத்துப் போட்டா, அவன் கட்டற வூடு யாரு தலைல வுழும்?" என்றார். கொஞ்சம் ஆறிய பிறகு, "பசங்கள அனுப்புங்க சார். தப்புன்னு பட்டா வேலய நிறுத்தச் சொல்லட்டும், நிறுத்திடறேன். காரணம் மட்டும் சொல்லணும்" என்று வாக்குக் கொடுத்தார்.

சுவர் கோணினால் கடப்பாரையால் இடித்துத் தள்ளுவார். அப்படி இடித்த அன்று ஒரு கொத்தனார் ஆத்திரத்தில் செங்கல்லை வீசினார். பாயின் நெற்றி பிளந்தது. பாய் அந்தக் கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "கல்லு நல்ல கல்லுதான். கட்டனவன்தான் சரியில்ல" என்றார்.

காரிமங்கலத்தில் ஒரு பெரிய விவசாயக் குடும்பத்துக்குக் கல்யாண மண்டபம் கட்டினார். தளம் போடும் நாளில் கெடா வெட்டுவது வழக்கம். வெட்டிய பிறகு வேலை நின்றால் ஆள் காவு கேட்கும் என்பார்கள். ரத்தம் தெளித்து, கலவை இயந்திரம் ஓடத் தொடங்கியபோது எங்கள் மாணவி செல்வி, "நிறுத்துங்க" என்றாள். முந்தின நாள் மழையில், தளப் பலகைகளைத் தாங்கும் முட்டுக்கால்கள் நின்ற மண் இளகியிருந்தது. நானும் அங்கே இருந்தேன்.

"பொட்டப்புள்ள பேச்சுக்கு நல்ல நேரத்த வுடறதா?" என்று மண்டபக்காரரின் மைத்துனர் அவளை அடிக்கக் கை ஓங்கினார். பாய் அவரை ஜல்லிக் குவியலில் தள்ளினார். "ஆடு போனது போதும், ஆளு போவ வேணாம். எல்லாரும் எறங்குங்கடா!" என்று கத்தியபடி சம்மட்டியை எடுத்தார். ஓரத்து முட்டுக்காலில் ஒரே போடு. கலவை கொட்டாத வெறும் பலகைகள்தாம். அதற்கே அந்தப் பக்கம் முழுவதும் சரிந்து விழுந்தது.

அதற்குப் பிறகும் மண்டபக்காரரின் ஆட்கள் பாயை அடித்தார்கள். மானம் போன ஆத்திரம். பாயின் இடக்கை முறிந்தது, பல் தெறித்தது. வாயில் ரத்தத்தோடு என்னைப் பார்த்து, "சார், பயந்துக்கிட்டு பொண்ண நிறுத்திடாதீங்க. நாளைக்கும் அனுப்புங்க" என்றார். மறுநாள் செல்வி முதல் பஸ்ஸிலேயே போனாள்.

பாயை அடக்கம் செய்த மையவாடியில் எல்லாரும் மண் போட்டு முடித்ததும் ஒரு காண்டிராக்டர் என் காதருகே வந்தார். "இனிமே பசங்கள நம்ம கிட்டயே அனுப்புங்க சார். ஆனா நிறுத்து கிறுத்துன்னு சொல்றதெல்லாம் பாயோட போவட்டும்" என்றார். அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். முனுசாமிதான் விலக்கினார்.

பாய், உங்கள் அடக்கத்தன்று கைகலந்ததற்கு நான் வருந்தவில்லை. அந்த மனிதர் நேற்று கல்லூரிக்கு வந்தார். "சரி, நிறுத்தச் சொன்னா நிறுத்தறேன்" என்றார். நிம்மதியாகப் போய் வாருங்கள்.