பௌர்ணமியில் தண்ணீர் குடிக்காதவர்

பேராசிரியரே, நீங்கள் பேட்டிகளைப் படிக்காமலே தலைப்பு வைத்தீர்கள்.

கிரிவலப் பாதையில் கடை போடும் பெண்களின் பேட்டிகளை வரிவரியாகப் பிரித்து, தலைப்புவாரியாகச் சேர்ப்பது என் வேலை. பௌர்ணமியன்று தண்ணீர் குடிப்பதில்லை என்று பலர் சொல்லியிருந்தார்கள். ‘விரதம்’ என்றீர்கள். நானும் அப்படியே போட்டுத் தொலைத்தேன்.

சரிபார்க்க, அடுத்த பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில் வெள்ளரிக்காய் விற்கும் அம்மாவிடம் போனேன். பேட்டி கொடுத்தவர் பெயரை எழுதக்கூடாது என்பது விதி. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார். காய் வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். தான் மட்டும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

தலைப்பைப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

“விரதமா? காலைல நாலு இட்லி துன்னுட்டுதான் வந்தேன். தண்ணி குடிச்சா எங்க போய் ஒதுங்கறது? இந்தப் பக்கம் பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் காட்டு பார்க்கலாம்.”

எனக்கு முகம் எரிந்தது. “மாத்திடறேங்க.”

“மாத்தும்மா. கட்டிட்டாங்கன்னா மொத சொம்பு தண்ணிய உன் எதிர்லயே குடிக்கிறேன்.”

அன்றே எல்லாப் பேட்டிகளையும் மறுபடி படித்தேன். அந்த வரிகளை ‘கழிப்பறை இல்லை’ என்ற புதுத் தலைப்புக்குக் கொண்டுபோனேன். நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி என்று சிதறிக் கிடந்த பேச்சும் அங்கேயே வந்து சேர்ந்தது. அறிக்கையைப் படிக்கும் அதிகாரிகள் இனி இதை விரதம் என்று தள்ளிவிட முடியாது.

நீங்களோ பழைய தலைப்பே போதும் என்கிறீர்கள். வேங்கிக்காலில், கலெக்டர் அலுவலகத்தில் அறிக்கை வாசிக்கும் கூட்டத்துக்கு அந்த அம்மா வருகிறார், காலிச் சொம்போடு. ஏன் போதும் என்று அவர் முன்னால், மைக்கில் சொல்லுங்கள்.