சங்கு ஊதியும் அசையாத நாய்

விருத்தாசலம் பீங்கான் ஆலை வாசலில் காவலுக்கு இருந்தவர் அவர். காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் பொறை பிஸ்கட் இருக்கும். கூட்டிப்போகும் நாய் கயிற்றை இழுத்தால் அப்படியே நின்றுவிடுவார். அது அடங்கித் திரும்பிப் பார்த்தால்தான் பொறை, அப்புறம்தான் நடை.

"ரெண்டு போட்டா அடங்கிடுமே?" என்றேன்.

"அடிச்சா எனக்குத்தாங்க பயப்படும். நான் இல்லாதப்ப ஆட்டைத் தொரத்தும்."

அன்று ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியது. சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு பாய்ந்து வந்தன. நடுவே மிரண்ட ஆடுகள் வேறு. நாய் அசையவே இல்லை!

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று குதித்தவர், டீக்கடையில் சொல்லக் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடினார். நாய் காலை ஊன்றி நின்றுவிட்டது. அவர் அடங்கித் திரும்பிப் பார்த்த பிறகுதான் நகர்ந்தது.

பொறையை இரண்டாக உடைத்தார். பாதியை நாய்க்குக் கொடுத்துவிட்டு, மீதியைக் கூச்சமே இல்லாமல் தன் வாயில் போட்டுக்கொண்டார்.