ஒரு கைக்கு இரண்டு நிறம்

என் அம்மா ஷூ கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து வேறு யாரோ வரைந்து அனுப்பிய டிசைனைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எந்த நாட்டிலோ யார் காலிலோ ஏறப்போகிற ஷூவுக்கு எந்த வளைவில் எப்படித் தையல் ஓடவேண்டும் என்பதை முகம் தெரியாத ஒருவர் முடிவு செய்திருப்பார். அம்மா சொந்தமாக யோசித்து, வெட்டி, தைத்து, திருத்தி முடித்த பொருள் ஒன்றே ஒன்றுதான். ஒரே கையில் மாட்டிக்கொண்டு இரண்டு நிறங்களை எடுத்துப் போகிற டப்பா. அதற்கு அவள் பெயர்கூட வைக்கவில்லை. எங்கள் வீட்டில் அது வெறும் ‘அது’தான். நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு முதுகு சில்லிடுகிறது என்றால், குற்றம் டப்பாவுடையது அல்ல, அது போய்வந்த இடத்துடையது.

அம்மா அதைச் செய்தது சித்திக்காக. சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி இரண்டாவது வருஷம் அவளும் சித்தப்பாவும் வண்டியில் வாணியம்பாடி போய்த் திரும்பும்போது பைபாஸில் லாரி இடித்தது. சித்தப்பா அங்கேயே போய்விட்டார். சித்தி பிழைத்துக்கொண்டாள், இடது கை மட்டும் செத்துப்போனது. முழங்கைக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. விரல்கள் மடங்காது. சூடான டம்ளரை அதன்மேல் வைத்தாலும் அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தவள், பிறகு அம்மா வேலை செய்த கம்பெனியிலேயே செக்கிங்கில் சேர்ந்தாள். ஒரு கையால் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை சொல்கிற வேலை.

சித்தப்பாவின் கல்லறையை அவருடைய அப்பா கட்டினார். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் பாதி ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர். பாசமுள்ள மனுஷர். எனக்குப் பார்க்கும்போதெல்லாம் வேர்க்கடலை மிட்டாய் வாங்கித் தருவார். மகனுக்கு அவர் கட்டிய சிமெண்ட் கல்லறை, ஒருவருக்கானதைவிட இரண்டு மடங்கு அகலமாக இருந்தது. தலைமாட்டுப் பலகையின் இடது பாதியில் சித்தப்பா பெயர், தோற்றம், மறைவு. வலது பாதி வெறுமையாக இருந்தது.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எல்லாரும் வந்து புல் பிடுங்கி வெள்ளையடித்துப் பெயர்களைக் கறுப்பில் புதுப்பிப்பார்கள். புருஷன் பெயரைப் பெண்டாட்டிதான் எழுதவேண்டும் என்பது சித்தப்பா வீட்டு வழக்கம். சித்தி வலது கையால் பிரஷ் பிடிப்பாள். சுண்ணாம்பு வாளியையும் கறுப்பு டப்பாவையும் பிடிக்க இன்னொரு கை வேண்டுமே, அதற்கு மாமனார் பக்கத்தில் நிற்பார். வருஷா வருஷம் நின்றார். வேலை முடிந்ததும் வெறும் பாதியை உள்ளங்கையால் தடவி, தூசி தட்டிவிட்டு, அதே வாக்கியத்தைச் சொல்வார்.

“இது உன் எடம்மா. எங்கயும் போவாது. பத்திரமா இருக்கும்.”

மனை வாங்கி வேலி போட்டுக் கொடுத்தவரைப் போலச் சொல்வார். அதில் துளியும் கெட்ட எண்ணம் கிடையாது. எனக்குப் பயமாக இருந்ததே அதனால்தான். மிரட்டியிருந்தால்கூட அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சித்தி தலையைக் குனிந்து “சரி மாமா” என்பாள். அவளுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. நான் அந்த வெறும் பாதியைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன். பார்த்தால் சித்தியை அது அளவெடுப்பதாகத் தோன்றும்.

அந்த வருஷம் ஆயுதபூஜை லீவில் அம்மா திடீரென்று டப்பா செய்யக் கிளம்பினாள். ஏன் என்று கேட்டதற்கு, பெரியவருக்கு முட்டிவலி, வெயிலில் எவ்வளவு நேரம் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்றாள். அம்மாவுக்கு அவர் முட்டிமேல் இவ்வளவு அக்கறை இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

முதலில் இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்களைக் கம்பியில் கோத்தாள். மாட்டிப் பார்க்கச் சித்தி வீட்டில் இல்லை, அதனால் என்னைக் கூப்பிட்டாள். என் இடது கை விரல்கள் மடங்காதபடி அடியில் ஸ்கேலை வைத்து டேப் சுற்றினாள். “இப்ப நீதான் சித்தி. நட” என்றாள். ஒரு டப்பாவில் மஞ்சள் தண்ணீர், இன்னொன்றில் சொட்டு நீலம். மூன்றடி வைப்பதற்குள் இரண்டும் ஆடி, மோதி, பச்சையாக என் பாவாடையில் வழிந்தது. அம்மா திட்டவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது எண்ணெய் கேனைப் படுக்கவைத்து வெட்டி, நடுவில் அட்டைத் தடுப்பு வைத்துக் கம்பெனிப் பசையால் ஒட்டியது. அதில் நிஜச் சுண்ணாம்பும் கறுப்புமே ஊற்றினாள். பார்க்க ஜோராக இருந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தால், தடுப்பின் அடியில் எங்கேயோ பசை விட்டு, கறுப்பு ஒரு நூலாக வெள்ளைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை, அது பாட்டுக்கு மெதுவாக உள்ளே போனது. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அம்மா வந்து கேனைச் சாக்கடையில் கவிழ்க்கும்வரை.

“கலக்கவும் கூடாது, கை மேல சிந்தவும் கூடாது. அவளுக்குச் சுண்ணாம்பு பட்டாத் தெரியாது. தோலு பொத்துப்போயிரும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடைசியில் அவளுக்குத் தெரிந்த தொழிலே கைகொடுத்தது. கழிவுத் தோல் துண்டுகளை எடுத்து, ஷூவின் மேல்பாகம் தைப்பது போலவே, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இறுக்கிப் பிடிக்கிற உறை ஒன்று தைத்தாள். விரல்களுக்கு அதில் வேலையே இல்லை, பாரம் முழுக்க முன்கையில் உட்கார்ந்தது. அதன்மேல் இரண்டு தகரக் குவளைகள். வெள்ளைக்கு ஜாஸ்தி செலவாகும், அதனால் பெரியது முழங்கைப் பக்கம். கறுப்புக்குச் சின்னது, மணிக்கட்டுப் பக்கம். இடம் மாற்றி வைத்தால் கை முன்னால் சாய்ந்துவிடுகிறது என்று என்னை நடக்கவிட்டுக் கண்டுபிடித்தாள். சின்னக் குவளைக்குத் தோலிலேயே மூடி, வெள்ளை அதில் தெறிக்காமல் இருக்க. நான் சித்தியாகி வீட்டைச் சுற்றி வந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. பீரோக் கண்ணாடியைக் கடக்கும்போது அதில் அசையாத ஒரு கை தனியாகப் போவது தெரிந்தது. டேப்பைப் பிரித்த பிறகும் கொஞ்ச நேரம் என் விரல்கள் மடங்க யோசித்தன.

கறுப்புக்கு அம்மா பெயிண்ட் வாங்கவில்லை. ஷூவின் வெட்டு ஓரத்தில் பூசுகிற கறுப்பு, டின்னின் அடியில் மிச்சமிருந்தது, கேட்டு வாங்கி வந்தாள். பூசிய கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். மழைக்கும் கரையாது.

பெரியவரைச் சம்மதிக்க வைப்பது டப்பா செய்வதைவிடச் சுலபமாக இருந்தது. “மாமா, இந்த வருஷம் நீங்க வீட்லயே குந்துங்க. அவளே பாத்துக்குவா. திருநாள் அன்னிக்கு வந்தா போதும்” என்றாள் அம்மா. அவர் அந்த உறையை வாங்கித் தையலைத் திருப்பிப் பார்த்தார். தோலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நல்ல சரக்கும்மா” என்று மட்டும் சொன்னார்.

சித்தி ஒரு சாயங்காலம் அரை நாள் லீவு போட்டுத் தனியாகப் போனாள். என்னைப் போகக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில்தான் கல்லறைத் தோட்டம். சோதனைக்கெல்லாம் நான் வேண்டும், நிஜமாக வேலை செய்வதைப் பார்க்க நான் வேண்டாமா என்று எனக்கு ரோஷம். பின்பக்கச் சுவர் உடைந்த இடத்தில் நுழைந்து, பழைய கல்லறை ஒன்றின் பெரிய சிலுவைக்குப் பின்னால் நின்றேன்.

மழை விட்டு மூடிக்கிடந்த வானம். தோல் ஷாப் வாடை காற்றோடு தரையை ஒட்டி வந்துகொண்டிருந்தது. தூரத்தில் யாரோ புல் செதுக்கும் சத்தம், பிறகு அதுவும் நின்றுபோனது. சித்தி வெள்ளையடித்து முடித்திருந்தாள். டப்பா பிரமாதமாக வேலை செய்தது. செத்த கை நேராக நீட்டியிருக்க, உயிருள்ள கை அதிலிருந்து தொட்டுத் தொட்டு எடுத்தது. சித்தப்பாவின் பெயரைக் கறுப்பில் நிரப்பினாள். தோற்றம், மறைவு, எல்லாம். வேலை முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் பையைத் தோளில் மாட்டினேன்.

சித்தி எழுந்திருக்கவில்லை. அப்படியே முட்டிபோட்டு வலது பக்கம் நகர்ந்தாள். தோல் மூடியை மறுபடி திறந்தாள். வெறும் பாதியில் ஒரு எழுத்து எழுதினாள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதைத் தாண்டியிருந்தேன் என்றாலும் அன்றைக்கு எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். அது சித்தியின் பெயர். அதன் கீழே, இன்னாரின் மனைவி என்று சித்தப்பாவின் பெயரைப் போட்டு எழுதினாள். தோற்றம் என்று எழுதி அவள் பிறந்த தேதி. மறைவு என்று எழுதிவிட்டு நிறுத்தினாள். பிரஷ் காற்றில் நின்றது. பிறகு ஒரு தேதி எழுதினாள். அது எனக்குத் தெரிந்த தேதி. வகுப்பு லீடர் என்பதால், அன்று காலையில் கரும்பலகையில் அதை எழுதியதே நான்தான்.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஷூவைத் திருப்பிக் குறை தேடுகிற அதே பார்வை. பிறகு வெள்ளைப் பிரஷ்ஷை எடுத்து எல்லாவற்றின் மேலும் பூசினாள். ஈரச் சுண்ணாம்புக்கு அடியில் எழுத்துகள் அப்படியே கிடந்தன. காயக் காய ஒவ்வொன்றாக மங்கி, கடைசியில் மறைவும் மறைந்தது. அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்று பயம். சித்தி வந்தாள், குளித்தாள், ரசம் நன்றாக இருக்கிறது என்றாள். தேதி தாண்டட்டும் என்று நான் அவள் பாயிலேயே ஒட்டிக்கொண்டு படுத்தேன். விடிந்தபோது அவள் காபி கேட்டாள். அழித்ததால் பிழைத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

திருநாள் வரை தினமும் தூறல். அன்று இருட்டுகிற நேரத்தில் எல்லாரும் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு போனோம். தோட்டம் முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சம். பெரியவர் குனிந்து முதல் மெழுகுவர்த்தியை ஏற்றினார். சுடர் நிமிர்ந்ததும் வலது பாதியில் சித்தியின் பெயர் தெரிந்தது. சுண்ணாம்பு செதில் செதிலாக உதிர்ந்து, கறுப்பு பளபளவென்று வெளியே வந்திருந்தது. ஷூ ஓரத்துக் கறுப்பின் மேல் எதுவும் ஒட்டாது, ஒட்டக்கூடாது என்றுதான் அதைத் தயாரிக்கிறார்கள். “ஷூவுக்குத்தான யோசிச்சேன், சுண்ணாம்புக்கு யோசிக்கல” என்று அம்மா பல வருஷம் கழித்துச் சொன்னாள். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. உள்ளேயிருந்து யாரோ எழுத்தை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று நினைத்து நின்றேன்.

பெரியவர் கடைசி வரி வரைக்கும் படித்தார். “யார்மா எழுதினது?”

“நான்தான் மாமா.”

“தேதி?”

“அதுவும் நான்தான்.”

அம்மா என் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள், வலித்தது. பெரியவர் சித்தியை ஏறெடுத்துப் பார்த்தார். அவள் அன்றைக்குத் தலையைக் குனியவில்லை. அவர் திரும்பி, மகன் பக்கம் வைத்திருந்த சாமந்தியில் பாதியை அள்ளி வலது பக்கம் வைத்தார். இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்துப் பற்றவைத்து அங்கேயும் நிறுத்தினார். தன் பெயருக்கு முன்னால் எரிகிற விளக்கைச் சித்தி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் இடது கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. நான் பிடித்தது அவளுக்குத் தெரியவில்லை.

அவர் சாபம் விட்டார் என்றே பல காலம் நினைத்திருந்தேன். மற்ற எல்லாருக்கும் புரிய ஒரு மாதம் ஆன விஷயம் அவருக்கு அந்த ஒரு பார்வையில் புரிந்துவிட்டது என்பதும், மருமகளாக இருந்த ஒருத்தியை அவர் அங்கேயே மரியாதையாக அடக்கம் செய்து வழியனுப்பினார் என்பதும், எனக்கே வயதான பிறகுதான் விளங்கியது. பக்கத்தில் ஆள் இருந்தால் சித்தியால் அதை எழுதியிருக்க முடியாது. அம்மா லீவெல்லாம் உட்கார்ந்து டிசைன் செய்தது அந்தத் தனிமையைத்தான்.

டிசம்பர் பிறப்பதற்குள் சித்தி கம்பெனியில் பேக்கிங்கில் இருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவள் பை இல்லை, பாய் மடித்து வைத்திருந்தது. அவ இனிமே இல்லன்னு நெனச்சிக்கறோம் என்று சொந்தக்காரர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்து சொன்னார்கள். நான் அதைச் சொன்னபடியே நம்பினேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போன் அடித்தது. சித்தி பேசறா, இந்தா, என்று என் காதில் வைத்தாள். நான் மூச்சுக்கூட விடவில்லை. அந்தப் பக்கம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, இன்னாடி பேசமாட்டியா என்றது, பிறகு சத்தமாகச் சிரித்தது. எனக்கு விவரம் தெரிந்து சித்தி சிரித்து நான் கேட்டதே இல்லை. அதனால் அது சித்தி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, போனை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.