ரெண்டு கேஸ்: ஒண்ணு தீர்ந்துட்டு, ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு

நம் ஊரில் எல்லாரும் சும்மா செய்கிற வேலையை நான் சம்பளத்துக்குச் செய்கிறேன்: பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பது. போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதி, ஓடி, குதித்து, உயரம் எடை எல்லாம் தேறி வருகிற பிள்ளைகளுக்குக் கடைசித் தடை நான்தான். சாதாச் சேலை, ஒரு குடை, ஒரு நோட்டு, ஒரு பேனாவோடு அவர்கள் தெருவுக்குப் போவேன். குடி உண்டா, அடிதடி உண்டா, பேரில் கேஸ் உண்டா என்று நாலு வீட்டில் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்களும் அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை விசாரிக்கப் போய் யார் வீட்டு வாசலிலாவது அசடு வழிய நின்றிருப்பீர்கள். அந்தக் கஷ்டம் தெரிந்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

திருவனந்தபுரத்தில் எங்கள் பிரிவில் தமிழ் பேசி வளர்ந்த ஒரே ஆள் நான். பெயர் பகவதி, சொந்த ஊர் நாஞ்சில் நாட்டுப் பக்கம். "தமிழ் வீடா? பகவதி சேச்சிக்குக் கொடு" என்று அந்த ஃபைலெல்லாம் என் மேஜைக்கு வந்துவிடும். பத்தாவது வரை தமிழில் படித்ததால் எனக்குக் கை வேகமாக ஓடுவது தமிழில்தான். நோட்டில் தமிழில் குறித்துக்கொண்டு, ஆபீஸுக்கு வந்து மலையாளத்தில் ரிப்போர்ட் எழுதுவேன். இத்தனை வருஷத்தில் ஒரு பிழை வந்ததில்லை என்று எனக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமையால் ஒரு பெண்ணுக்கு வேலையே போகப் பார்த்தது. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் முதலில் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போவோம்.

ஷூவுக்குள் ஆணி

கழக்கூட்டத்தில் ஒரு வாடகை ஃப்ளாட். திருநெல்வேலிப் பையன், கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் ஆகப் போகிறவன். வருகிறேன் என்று முன்கூட்டியே ஃபோன் செய்திருந்தேன். கதவைத் திறந்தவன் சொந்த வீட்டுக்குள் ஷூ போட்டுக்கொண்டு நொண்டினான். அப்பா பெயர் என்ன என்று கேட்டால், கண்ணை மூடி, மூச்சை இழுத்துப் பிடித்து, மெல்ல விட்டு, அப்புறம் "முருகேசன்" என்றான். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்பா பெயரைச் சொல்ல இவ்வளவு பாடா?

அவன் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மேடம், மெஷின் எங்க?" என்றான். பொய் கண்டுபிடிக்கிற மெஷினாம். நெஞ்சிலும் விரலிலும் வயர் மாட்டுவார்கள் என்று யாரோ பயமுறுத்த, இன்டர்நெட்டில் பார்த்துப் பதினைந்து நாளாகப் பயிற்சி எடுத்திருக்கிறான். ஷூவுக்குள் ஒரு சின்ன ஆணி. கேள்வி கேட்கும்போது அதை மிதித்தால் மெஷின் குழம்பிவிடுமாம். அதெல்லாம் பெரிய குற்ற வழக்குகளுக்கு, அதுவும் ஆள் சம்மதித்தால்தான், வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பேனா ஒன்றுதான் என்றேன். "இவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்க அப்படி என்னப்பா செஞ்ச?" என்று கேட்டேன். ஒரு தடவை ஹெல்மெட் போடாமல் பிடிபட்டானாம், அவ்வளவுதான். ஷூவைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "மெஷின் இல்லேன்னு ஃபோன்லயே சொல்லியிருந்தீங்கன்னா வெறுங்காலோட உக்காந்திருப்பேன் மேடம்."

முன்கோபம்

கிழக்கேகோட்டையில் அக்ரஹாரத் தெரு. "எதிராத்துப் பையனப் பத்தி விசாரிக்கணும்" என்று அவர்கள் பேச்சிலேயே ஆரம்பித்தது என் தப்பு. கதவைத் திறந்த மாமி என்னைப் பெண் வீட்டுக்காரி என்று முடிவு கட்டிவிட்டாள். பையனுக்குப் பால் போல மனசு, வாயிலிருந்து ஒரு சுடுசொல் வராது, அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பான், காப்பி போடுவான். பத்து நிமிஷம் பேசவிட்டேன். எனக்கும் ஒரு டம்ளர் காப்பி வந்தது. குடித்துவிட்டு அடையாள அட்டையைக் காட்டி, கல்யாணத்துக்கு இல்லை, போலீஸ் உத்தியோகத்துக்கு என்றேன்.

மாமி ஒரு நிமிஷம் யோசித்தாள். என் நோட்டை எட்டிப் பார்த்தாள். நான் "சாந்த சுபாவம்" என்று எழுதியிருந்தேன். விரலால் அந்த இடத்தைத் தொட்டுக்காட்டிச் சொன்னாள்: "போலீஸ்னா அத அடிச்சுட்டு கொஞ்சம் முன்கோபம் உண்டுன்னு எழுதிக்கோங்கோ, அங்க அது ஒத்தாசையா இருக்கும்."

பஸ் ஹாரன்

இனி அந்தப் பெண்ணின் விஷயம். பெயர் மாரிச்செல்வி. பொன்முடித் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற பேச்சியம்மாளின் மகள். கழக்கூட்டத்தில் ஹாஸ்டலில் தங்கித் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதித் தேறியவள். வயசு வரம்பில் அவளுக்கு அது கடைசி வருஷம். இந்தத் தடவை விட்டால் இனி கிடையாது. எங்கள் ரெக்கார்டில் அவள் பேரில் ஒன்றுமில்லை. ஆனால் குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தது, அங்கே ஏதாவது இருந்தால் அக்கம்பக்கத்தில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் போய் இறங்கினேன். பேச்சியம்மாள் மேலே காட்டில் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். வந்த பஸ்ஸே திரும்பிப் போகும், அதை விட்டால் வேறு பஸ் இல்லை.

பக்கத்து வீட்டு இசக்கியம்மா வாய் நிறைய வெற்றிலையோடு பேசினாள். "வம்புக்குப் போற பிள்ளையா அது? லீவுக்கு வந்தா விடியக்காலம் ரோட்டுல ஓடும். அது ஓடுறதப் பாத்து நாயெல்லாம் பின்னால ஓடும்" என்றாள். அதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. குடையை மடக்கிக்கொண்டே, "கடைசியா ஒரு கேள்வி அக்கா, அந்த வீட்டுல கேஸ் ஏதும் இருக்கா?" என்று கேட்டேன். காற்று வேறு காதை அடைத்தது. இசக்கியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, இதிலென்ன சந்தேகம் என்கிற மாதிரி சொன்னாள்: "ஏன் இல்லாம? ரெண்டு இருக்கு, ஒண்ணு தீர்ந்துட்டு, ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு."

தமிழில் கேஸ் ஓடும்

பஸ்ஸில் உட்கார்ந்து அப்படியே எழுதிவைத்தேன். மறுநாள் மலையாள ரிப்போர்ட்டுக்கு உட்கார்ந்தபோது, அடுத்த மேஜை சசி நோட்டை எட்டிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். ஓடுதுன்னா என்ன அர்த்தம் என்று கேட்டான். விடுவேனா நான்? நாற்காலியைத் திருப்பிப் போட்டு வகுப்பே எடுத்தேன். தீர்ந்தது என்றால் தீர்ப்பாகிவிட்டது, ஓடுகிறது என்றால் கோர்ட்டில் நடக்கிறது என்று அர்த்தம். "மனுவில் மறைக்கப்பட்ட வழக்குகள் இரண்டு. ஒன்று முடிந்தது, ஒன்று விசாரணையில்" என்று மலையாளத்தில் முத்து முத்தாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எந்தக் கோர்ட், என்ன நம்பர் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சசி பாவம், என் தமிழை மெச்சினான்: "எந்தொரு பாஷ சேச்சி, தமிழில கேஸ் கூட ஓடும்!"

கேஸ் பேப்பர்

ரிப்போர்ட் மேலே போயிற்று. மாரிச்செல்விக்குக் கடிதமும் போயிற்று. கேஸ் பேப்பர்களோடு ஏழு நாளில் வந்து விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும். கேஸ் இருப்பதைவிட மறைத்தது பெரிய குற்றம் எங்களுக்கு. ஏழாவது நாள் அவள் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "மேடம், எனக்கு ஒரு கேஸும் இல்ல, சத்தியமாயிட்டும் இல்ல" என்றாள். நான் விறைப்பாக, பக்கத்து வீட்டிலேயே சொன்னார்கள், ரெண்டு கேஸ் உண்டு என்றேன். கூட வந்திருந்த பேச்சியம்மாள், "ஆமா தாயி, ரெண்டு உண்டு" என்றாள். பார்த்தாயா என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை "அம்மே!" என்று அலறியது. யார் பேரில் என்ன கேஸோ, அப்பா காலத்துக் கேஸோ, அம்மா தன்னிடம் மறைத்துவிட்டாளோ என்று அவளுக்கு உயிரே போய்விட்டது.

மகள் ஹாஸ்டலிலிருந்து ஃபோன் பண்ணி, "வீட்ல கேஸ் பேப்பர் ஏதாச்சும் இருந்தா எல்லாத்தையும் எடுத்துட்டு வாம்மா" என்று சொல்லியிருக்கிறாள். பேச்சியம்மாளும் பஸ் மாறி மாறி, பொத்திப் பொத்திக் கொண்டுவந்திருந்தாள். மஞ்சப்பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ஒரு நீலப் புத்தகம். என் மேஜையில் வைத்தாள். அது சமையல் கேஸ் கனெக்‌ஷன் புத்தகம். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மலையாளத்தில் அந்தக் கேஸுக்கும் இந்தக் கேஸுக்கும் எழுத்தே வேறு. தமிழில் இரண்டும் ஒன்று. என் நோட்டில் சிலிண்டராக இருந்தது என் ரிப்போர்ட்டில் குற்றவாளியாகிவிட்டது. பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்ச் சொன்னாள்: "அன்னைக்கு ஓடிக்கிட்டிருந்ததும் இப்பத் தீர்ந்துபோச்சு தாயி, புக் பண்ணியிருக்கேன்."

என் மெமோ

சாயங்காலம் ஐந்து மணிக்குள் திருத்தம் மேலே போயாக வேண்டும். எங்கள் எஸ்.ஐ. சாரிடம் ஓடினேன். அவர் சிரித்து முடித்துவிட்டு, இரண்டு வழி இருக்கிறது என்றார். "பக்கத்து வீட்டுக்காரி சொன்னதை மாற்றிச் சொல்லிவிட்டாள்" என்று ஒரு வரி எழுதினால் எனக்கு ஒன்றும் வராது. "பிழை என்னுடையது" என்று எழுதினால் மெமோ வரும், என் ப்ரமோஷன் ஃபைலில் அது உட்கார்ந்துகொள்ளும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதல் வழிதான் பிடித்திருந்தது. பேனாவைத் திறந்து "பக்கத்து வீட்டுக்காரி" வரை எழுதியும்விட்டேன். அந்த நேரத்தில் யாராவது எனக்கு வயர் மாட்டியிருந்தால் மெஷின் புகைந்திருக்கும்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வராந்தா பெஞ்சில் தாயும் மகளும் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். சாட்சி மாற்றிச் சொன்னாள் என்று எழுதினால், அவளை மாற்றிச் சொல்லவைத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். அந்தப் பிள்ளை பேரில் கறை போகாது. நாலு வீட்டில் நின்று அடுத்தவன் நேர்மையைக் கேட்டுக்கேட்டு எழுதுகிறவள், என் நேர்மைக்கு ஷூவில் ஆணி தேடுகிறேனே என்று வெட்கமாகிவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். தப்பு என்னுடையது, கேஸ் என்றது சிலிண்டர் என்று எழுதி, கனெக்‌ஷன் புத்தகத்தின் நகலையும் இணைத்து, ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரம் அவளுக்கு நியமனக் கடிதம் வந்தது, எனக்கு மெமோ வந்தது. சசி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, என்னிடம் படித்த பாடத்தை என்னிடமே ஒப்பித்தான்: "அப்போ சேச்சி, இப்போ ஓடற கேஸ் சேச்சியோடதாணு, அல்லே?"

ஜங்ஷனில்

பயிற்சி முடிந்து மாரிச்செல்வியைக் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் போட்டிருக்கிறார்கள். போன வாரம் அவசரத்தில் கை காட்டாமல் ரோட்டைக் குறுக்கே கடந்தேன். விசில் சத்தம் கேட்டுத் திரும்பினால் அவள்தான். யூனிஃபார்மில் ஒரு சுருக்கம் இல்லை. என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "என்னம்மா, அம்மா சௌக்கியமா, கேஸ் வந்துச்சா?" என்று கேட்டேன். பஸ்ஸை ஒரு கையால் நிறுத்தி என்னை மறுபுறம் கடத்திவிட்டு, என் கையிலிருந்த நோட்டைக் காட்டிச் சொன்னாள்: "வந்தாச்சு மேடம், ஆனா இனி நோட்டுல கேஸ்னு எழுதினா பக்கத்துல ஒரு சிலிண்டர் படம் போட்டுக்கோங்க."

படம் போடுகிற அளவுக்கு எனக்குக் கை வராது என்பதால், இப்போதெல்லாம் யார் வீட்டில் கேஸ் இருக்கிறது என்று சொன்னாலும் முதலில் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன்.