மாடியில் யார் இருந்தார்கள்?

எனக்கு மழைக்குப் பயம் கிடையாது. கடையத்தில் பிறந்து குற்றாலத்தில் வாக்கப்பட்டவள் மழைக்குப் பயந்தால் பிழைப்பு நடக்குமா? என் பயமெல்லாம் தகரம் படபடக்கிற சத்தத்துக்குத்தான். அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே கீழே வைத்துவிடுவேன். போன வருஷம் கார்த்திகையில் பிடித்த பயம், இன்னும் விட்டபாடில்லை.

எங்கள் வீடு ஊரின் கடைசித் தெருவில் இருக்கிறது. பின்சுவரை ஒட்டி ஓடை. கீழ்வீடு கான்கிரீட். மாடியில் பேங்க் லோன் போட்டு நீளமாக ஒரு ஹால் கட்டி, மேலே தகர ஷீட் போட்டோம். சாரல் சீசனுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் எங்கள் தெருவை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, கார் நுழையாது. ஆனால் கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற சாமிமார் வந்துவிடுவார்கள். அருவியில் குளித்து, ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் செங்கோட்டை வழியாகக் கிளம்புவார்கள். அவர்களிடம் வாடகை என்று நாங்கள் வாய் திறந்து கேட்டதில்லை. ஹாலின் மூலையில் விளக்கேற்றி ஒரு தாம்பாளம் வைத்திருப்பேன். கிளம்பும்போது அவர்களாக அதில் போடுவார்கள். காணிக்கை. அதுவும் குறைவாக இருக்காது, பொய் சொல்வானேன்.

லோனுக்காக வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தோம். முதலில் ப்ரீமியம் சொற்பம்தான். கடலில் புயல் சுழல ஆரம்பித்தால் இங்கே மலை கொட்டும். அப்படி இரண்டு மூன்று தடவை ஓடை தெருவுக்குள் வந்த பிறகு, ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் தொகை ஏறியது. "கடலே இல்லாத ஊருக்கு என்ன அண்ணாச்சி புயல் கணக்கு?" என்று தென்காசியில் இருக்கும் ஏஜென்ட் அண்ணாச்சியிடம் சண்டைக்கே போனேன்.

"கம்பெனிக்காரன் மேப்பப் பாத்துப் போடுதான்ம்மா, நான் என்ன செய்ய? ஓடை பக்கத்துல இருக்கு, மேல தகரம் வேற" என்றவர், ஃபாரத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். "மாடிய வாடகைக்கு விடுதீங்களா?"

"சாமிமாருக்கு யாராவது வாடகைக்கு விடுவாங்களா?"

"துட்டு வாங்குதீங்கல்லா?"

"அவங்களா தட்டுல போடுதாங்க. உண்டியல்ல துட்டு விழுதுன்னு கோயில வாடகைக்கு விட்டிருக்குன்னு சொல்லுவீங்களா?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். ஆனாலும் எழுதவில்லை. "ஆமான்னு போட்டா ப்ரீமியம் ரெட்டிப்புக்கு மேல போயிரும். இல்லைன்னு போட்டா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கிளைம் கிடைக்காது. நீங்கதான் சொல்லணும்."

"இல்லைன்னே போடுங்க" என்றேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கையெழுத்து அவருடையது, சாமர்த்தியம் என்னுடையது. வெளியே வந்ததும் மிச்சப்படுத்திய பெருமையில் அவருக்கு நான்தான் காபி வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் கார்த்திகையில் கடலில் புயல் என்று டிவியில் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் மலை தெரியவில்லை. அருவிக்கரையில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். மாடியில் எட்டு சாமிமார், ஆரணிப் பக்கத்து ஆட்கள். அவர்களுடைய குருசாமி நாலு வருஷமாக எங்கள் வீட்டுக்கே வருகிறவர், அறுபது வயதிருக்கும், குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. குளிக்க முடியாமல் மேலே உட்கார்ந்து சரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் தென்காசியில் மோட்டார் ரிப்பேர் கடையில். ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது, வர முடியாது என்று போன் பண்ணினார்.

நாலு மணி இருக்கும். காற்று ஒரு சுற்றுச் சுற்றியது. தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு ஆணி பிடுங்குகிற சத்தம். பிறகு சரணம் நின்றுபோயிற்று.

அந்த நிமிஷம் என் மனசில் முதலில் வந்தது எது என்று யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஃபாரம்தான் வந்தது. 'இல்லை' என்று போட்ட அந்தக் கட்டம். படியேறி ஓடினேன். பாதிக் கூரை இல்லை. மழை நேராக ஹாலுக்குள் கொட்டுகிறது. எட்டுப் பேரும் முன்பக்க மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கிறார்கள். குருசாமியின் நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்குகிறது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"சாமி, யாராவது வந்து கேட்டா எங்க சொந்தக்காரங்கன்னு சொல்லிருங்க. வாடகைன்னு சொல்லிராதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். மாலை போட்ட மனுஷனைப் பொய் சொல்லச் சொல்கிறேன். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"மொதல்ல கீழ போவோம்மா" என்றார். என் கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டவரும் அவர்தான். எல்லோரும் கீழே வந்து துண்டு தேடிக்கொண்டிருக்கும்போது மாடியின் பின்சுவர் முழுசாக ஓடைக்குள் போயிற்று. வீடே ஒருமுறை குலுங்கியது. பானைத் தண்ணீர் தளும்பிக் கீழே சிந்தியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் நான் எழுந்திருக்கவில்லை.

மழை வெறித்ததும் குருசாமியை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டுவந்தார்கள். மறுநாள் அந்தக் கட்டோடேயே மலைக்குக் கிளம்பிப் போனார். நான் வாசலில் நின்று கும்பிட்டேன். வலிக்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை. மேலே போய்ப் பார்த்தால் நனைந்த தாம்பாளத்தில் காணிக்கை இருந்தது. கூரை இல்லாத ஹாலுக்கும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கம்பெனியிலிருந்து சர்வேயர் நாலாம் நாள் வந்தார். அதற்குள் நானும் வீட்டுக்காரரும் பேசி வைத்திருந்தோம்.

"ஏட்டி, நீ ஒண்ணும் பேசாத. சாமான் போட்டு வச்சிருந்தோம்னு நான் சொல்லிக்கிடுதேன்."

"நான் எதுக்குப் பேசுதேன்? எனக்கென்ன கிறுக்கா?" என்றேன்.

சர்வேயர் மாடியில் டேப் பிடித்து அளந்தார், போட்டோ எடுத்தார். கீழே பின்னறைச் சுவரில் மூலையிலிருந்து சரிவாக ஒரு விரிசல் இறங்கியிருந்தது. அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். நல்ல மனுஷன், சின்ன வயசு. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சும்மா விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார்:

"இவ்வளவு பெரிய சுவரு விழுந்திருக்கே, யாருக்கும் அடி படலையே?"

அவ்வளவுதான் கேட்டார். முன்பின் தெரியாத ஆள், தண்ணீர் குடித்த கையோடு கேட்டுவிட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பட்டுது சார், குருசாமிக்கு மண்டையில. ஆறு தையல்" என்றேன்.

அவர் பேனா அப்படியே நின்றது. "எந்த குருசாமி? மாடியில யாரு இருந்தா?"

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாம்பாளத்தையும் சொன்னேன்.

சர்வேயர் போன பிறகு வீட்டுக்காரர் சாமி ஆடித் தீர்த்தார். "சும்மா இருன்னுதானே சொன்னேன்! அரிச்சந்திரன் வீட்டுப் பொம்பளையா நீ?" நல்லவளாகச் சொன்னேன் என்று அவர் நினைத்தார். நான் பயத்தில் சொன்னேன். பொய் சொல்லிவிட்டு அந்தச் சுவருக்கடியில் தினம் படுத்து எழ வேண்டுமே என்கிற பயம்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. வீட்டின் உபயோகத்தை மறைத்ததால் கிளைம் கிடையாது. மாடிக்கும் இல்லை, கீழ்ச்சுவருக்கும் இல்லை. இந்த வருஷம் புதுப்பிக்கப் போனபோது "ஆமான்னே போடுங்க அண்ணாச்சி" என்றேன். அவர் ஒரு தொகை சொன்னார், எனக்குத் தலை சுற்றியது. அதற்கும் முதலில் விரிசலைச் சரி பண்ணி போட்டோ அனுப்ப வேண்டுமாம். சுவரைச் சரி பண்ணப் பணம் இருந்தால் நான் எதற்கு இன்சூரன்ஸைத் தேடிப் போகிறேன்?

அதனால் இப்போது எங்களுக்குக் காப்பு என்று இருப்பது ஒரு பென்சில்கோடுதான். விரிசல் முடிகிற இடத்தில் வீட்டுக்காரர் கோடு போட்டு வைத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறேன். கோட்டுக்குள் இருந்தால் பல் தேய்ப்பேன். இரண்டு தடவை தாண்டிவிட்டது, அவர் புதுக்கோடு போட்டார். அதே அறையில்தான் கட்டில், பீரோ எல்லாம்.

போன வாரம் மறுபடியும் கடலில் புயல் என்றார்கள். மத்தியானமே இருட்டிவிட்டது. ஓடை இரைகிற சத்தம் சுவர் வழியாக வந்தது. வீட்டுக்காரர் கடையில் இருந்தார். நான் பின்னறையில் விரிசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை போயிருந்தது. போன் அடித்தது. குருசாமி.

இந்த வருஷம் தங்க வரலாமா என்று கேட்பார், என்ன பதில் சொல்வேன் என்று யோசித்துக்கொண்டேதான் எடுத்தேன்.

"டிவியில பார்த்தேன்மா. வீட்ல எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா?"

"உங்க தலைக்காயம் இப்போ எப்படி இருக்கு சாமி?" என்று கேட்டேன். கேட்க ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"அது எப்பவோ ஆறிப்போச்சும்மா. உங்க குரலு ஏன் இப்படி இருக்கு?"

"பயமா இருக்கு சாமி. சுவரு விரியுது. நான் அது பக்கத்துலதான் நிக்கேன்."

"மொதல்ல வெளிய வாங்கம்மா."

பீரோவில் ரேஷன் கார்டு, பத்திரத்தின் நகல், செல்லாத அந்த பாலிசி எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கின்றன. என் கை தானாக பீரோச் சாவிக்குப் போனது. "வந்துட்டீங்களாம்மா?" என்று போனில் மறுபடியும் கேட்டார். சாவியை அப்படியே விட்டுவிட்டு, போனோடு எதிர்வீட்டு வாசலுக்கு ஓடினேன். "வந்துட்டேன் சாமி" என்றேன். அதுவரை அவர் போனை வைக்கவில்லை.