அடிவாங்கி சித்தப்பாவைத் தேர்ந்தெடுத்த கதை

அடிவாங்கி பிறந்தபோது அழவில்லை. நர்ஸ் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் ஒன்று வைத்தார். குழந்தை அழுதது; சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிற்காலத்தில் அவருடைய வாழ்க்கை முழுவதும் இதே காட்சிதான் மறுஒளிபரப்பானது.

அப்பா பெல்ட்டால் அடித்தார். அண்ணன் கையில் கிடைத்ததைக் கொண்டு அடித்தான். கணக்கு வாத்தியார் டஸ்டரை வீசினால் அது யாரைக் குறிவைத்துக் கிளம்பியிருந்தாலும் இவர் நெற்றியில்தான் வந்து இறங்கும். பேருந்தில் முன்பின் தெரியாத இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டால், நடுவில் நின்ற இவருடைய மூக்கு உடையும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவர் நகரவில்லை, நின்று கவனித்தார். அறை விழுந்தால் முதலில் போவது கன்னம். அதன் பின்னால் மூக்குக்கண்ணாடி. தலைமுடி கொஞ்சம் தாமதித்துத்தான் செய்தியறியும். மானம் கடைசியில் சாவகாசமாகக் கிளம்பும். இந்தப் படிப்புக்கு எந்தக் கல்லூரியிலும் பட்டம் கிடையாது என்பதால், கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பொம்மை வரையும் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த விளையாட்டில் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கசாப்புக்கடைக்காரன் எல்லோரையும் அடிப்பான்; எல்லோரும் அவனை அடிப்பார்கள்; கடைசியில் மிஞ்சுபவர் ஜெயித்தவர். பொம்மைகள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தளவு. முகத்துக்கு இருப்பதே நாலைந்து சதுரப் புள்ளிகள். ஒரு புள்ளியை நகர்த்தினால் தாடை உடையும். இரண்டை நகர்த்தினால் தாடை வேறொருவனுடையதாகிவிடும். இந்த நுட்பமான கொலைத்தொழிலில் அடி வாங்கும் முகங்களை இவர் வரைந்தார். அடிக்கும் கைகளை வரைந்தவர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன்.

மச்சானின் கை, கதவு அகலம். கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பாசமாகக் கட்டிப்பிடித்ததில் ஒரு விலா எலும்பு விரிசல் விட்டது. இவருக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவரே. அந்த நன்றிக்கடனை இவர் தினமும் கன்னத்தால் அடைத்துவந்தார். ஏனென்றால் மச்சானிடம் ஒரு கொள்கை இருந்தது: பொய்யாக அடித்தால் பொய்யாகத்தான் வரைய வரும். ஆகவே புதிதாக ஒரு குத்து வரையவேண்டுமென்றால் தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்துவைத்து, கண்ணாடி அறையில் இவரை நிறுத்துவார். “வருது மாப்ள” என்று அன்பாக ஒரு எச்சரிக்கை தருவார். பிறகு நிஜமாகவே குத்துவார். அந்த வீடியோவைப் பார்த்து ஒருவர் கையை வரைவார், மற்றவர் முகத்தை வரைவார். மனைவியிடம் முறையிட்டால், எங்கண்ணன் யாரையும் சும்மா தொடமாட்டாரு, உங்களைத் தொடுறாருன்னா அது பாசம் என்று ஐஸ்கட்டியை நீட்டுவாள்.

வினை மென்பொருள் ரூபத்தில் வந்தது. மச்சான் வரைவது போட்டோக்களைத் திருத்துவதற்கென்று செய்த ஒரு பிரம்மாண்ட மென்பொருளில். அலுவலகத்தில் அதற்குப் பெரியப்பா என்று பெயர். எழுந்திருக்கவே நேரமெடுக்கும், இடத்தை அடைத்துக்கொண்டு உட்காரும், கேட்காத அறிவுரையெல்லாம் சொல்லும். ஆனால் சொத்து நிறைய. அடிவாங்கி பயன்படுத்தியது புள்ளிப் பொம்மைகளுக்கென்றே பிறந்த ஒரு குட்டி மென்பொருள், சித்தப்பா. சொன்ன வேலையைச் செய்வார், சொல்லாததைத் தொடமாட்டார். ரத்தத்தின் சிவப்பை ஓரிடத்தில் மாற்றினால் எல்லாக் காயத்திலும் மாற்றிக் கொடுப்பார். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த மூன்றாவது ஒன்றையும் கொஞ்சநாள் முயன்றார்கள். அதற்கு விருந்தாளி என்று பெயர் வைத்த மறுவாரம், அது ஒரு மதியம் பூராவும் வரைந்த சண்டைக்காட்சியை முழுசாக எடுத்துக்கொண்டு சொல்லாமல் போய்விட்டது.

பெரியப்பாவின் கையும் சித்தப்பாவின் முகமும் ஒரே படத்தில் சேர்ந்தபோது குடும்பங்களில் நடப்பதுதான் நடந்தது. ஓரம் மழுங்கிய குத்து, செங்கல் மாதிரியான முகத்துக்குள் மேகம்போல் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. பார்த்த முதலாளி மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரை எடுத்துச் சுவரில் அடித்தார். அது திரும்பிவந்து அடிவாங்கியின் காதைப் பதம்பார்த்தது என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். இனிமேல் எல்லோருக்கும் ஒரே மென்பொருள் என்றார் முதலாளி. கசாப்புக்கடைக்காரன் விளையாட்டின் நாயகனைக் குத்தும் காட்சியை இருவரும் ஆளுக்கொன்றாக வரைந்து வெள்ளிக்கிழமை காட்டவேண்டும். எவருடையது ஜெயிக்கிறதோ அவருடைய மென்பொருள்தான் கம்பெனிக்கு, அவரே படப்பிரிவின் தலைவர். தோற்றவர் தலைவர் சொன்ன இடத்தில் நிற்கவேண்டியது.

கடைசி வாக்கியம் அடிவாங்கியின் காதில், ஸ்டேப்ளர் படாத காதில், தெளிவாக விழுந்தது. மச்சான் தலைவரானால் ஆயுசுக்கும் அந்தக் கண்ணாடி அறைதான். மிச்சமிருக்கும் பற்களை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு வரைய உட்கார்ந்தார்.

வரைந்து ஓட்டிப் பார்த்தால் விபரீதம். கசாப்புக்கடைக்காரனின் கை கிளம்பி பாதிவழிகூட வரவில்லை, நாயகன் அதற்குள் கண்ணை மூடித் தோளைத் தூக்கி, மரியாதையாகத் தரையில் படுத்துவிட்டான். எட்டிப் பார்த்த மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“என்ன மாப்ள, உன் ஹீரோ அடிக்கு முன்பதிவு பண்ணிட்டு வந்திருக்கானா?”

அழித்து வரைந்தார். மறுபடி படுத்தான். குற்றவாளி யாரென்று பிறகுதான் பிடிபட்டது: சித்தப்பாவேதான். சித்தப்பாவிடம் நிழல் என்று ஒரு வசதி உண்டு. அசைவின் ஒரு படத்தை, அதாவது ஒரு ஃபிரேமை, வரையும்போது முந்தின ஃபிரேமைச் சிவப்பு நிழலாகவும் அடுத்த ஃபிரேமை நீல நிழலாகவும் மங்கலாகக் காட்டும். இவர் முதலில் எல்லா ஃபிரேமிலும் குத்தும் கையை வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக முகத்தை வரைவார். ஆகவே, எப்போதும் அடுத்து வரப்போகும் குத்து நீலமாக எதிரே நின்றுகொண்டிருக்கும். வரப்போகிற அடி கண்முன் தெரியும்போது எந்த மனுஷன் சும்மா நிற்பான்? நாயகன் பயந்தாங்கொள்ளியில்லை, வரைந்த விரல்தான் பயந்தது.

நீலத்தை அணைத்துவிட்டு வரைந்தார். நாயகன் அப்போதும் படுத்தான். பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாக ஓட்டினார். எல்லாவற்றிலும் “வருது மாப்ள” என்ற குரல். உடனே இவர் முகம் சுருங்கிப்போகும். அதற்கு அப்புறம்தான் குத்து. சித்தப்பாவுக்குள் இருப்பதைப் போலவே வெளியிலும் ஒரு நீலம் எரிந்துகொண்டிருந்தது.

அடிவாங்கி தம் வாழ்நாளில் முதல்முறையாக ஓர் அடியைத் தாமே கேட்டு வாங்கப் போனார். மச்சானின் மேஜைக்கு முன் நின்று, இந்தமுறை சொல்லாமல் அடிக்கவேண்டும், எப்போது என்று தெரியக்கூடாது என்றார். மச்சானின் கண் கலங்கிவிட்டது. போட்டியாளருக்கு உதவலாமா என்ற யோசனையெல்லாம் அந்த நல்ல மனதில் எழவில்லை. குத்துவதற்கு அழைப்பு வந்து போகாத பரம்பரை இல்லை அது.

போனை ஓடவிட்டுத் தம் மேஜையில் சாய்த்துவைத்தார் அடிவாங்கி. காலை முழுக்கக் கழுத்து இறுகியே இருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. மதியம் பசித்தது. பசியில் பயம் மறந்தது. ஆப்பிளை எடுத்து ஒரு கடி கடித்தார்.

குத்து வலப்பக்கத்திலிருந்து வந்தது. நாற்காலி ஒரு திசையிலும் அவர் ஒரு திசையிலும் போனார்கள். கீபோர்டு உடைந்து எழுத்துக்கள் தரையில் உருண்டன. வாயிலிருந்து ரத்தம் சட்டைப்பைக்குள் இறங்கியது. பல் ஆப்பிளிலேயே தங்கிவிட்டது. மச்சான் குனிந்து, போதுமா மாப்ள, இன்னொண்ணு வேணுமா என்று பரிமாறுகிறவரைப்போல் விசாரித்தார்.

அடிவாங்கி தவழ்ந்துபோய் வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தினார். குத்து கன்னத்துக்குள் புதைந்திருந்தது. தாடை கோணியிருந்தது. கண்கள் மட்டும் இன்னும் ஆப்பிளையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. தலையில் இடி விழுந்த செய்தி இன்னும் கண்ணுக்குப் போய்ச் சேரவில்லை. நாயகனின் முகத்தில் கண்ணுக்கென்று இருப்பது ஒரே ஒரு புள்ளி. எல்லாவற்றையும் உடைத்துவிட்டு அந்தப் புள்ளியை மட்டும் நகர்த்தாமல் விட்டார்.

வெள்ளிக்கிழமை பெரியப்பா எழுந்து உட்காரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். மச்சான் வரைந்த குத்து பெரிதாகப் பார்க்கும்போது கம்பீரமாகத்தான் இருந்தது. விளையாட்டின் அளவுக்குச் சுருக்கியதும் பெரியப்பா தம் வழக்கப்படி ஓரங்களையெல்லாம் பாசமாக மழுக்கிவிட்டார். முஷ்டி தலையணையானது, ரத்தம் ரோஜாநிறப் புகையானது, கறுப்புப் பின்னணியில் நாயகனின் தலையைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் கிளம்பியது. அடி வாங்கினவனுக்கு ஞானம் கிடைச்ச மாதிரி இருக்கே என்றார் முதலாளி.

அடுத்து சித்தப்பா. குத்து, ஒரு கணம், விழுதல். முதலாளி மறுபடி ஓட்டச்சொன்னார். மூன்றாவது தடவை அவருடைய கை தானாகப் போய்க் கன்னத்தைப் பொத்திக்கொண்டது.

“வலிக்குதுய்யா,” என்றார்.

தீர்ப்பு அவ்வளவுதான். மச்சான் தோல்வியைப் பெருந்தன்மையோடு ஏற்றார்: வரைபலகையை முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தார், பெரியப்பா குடியிருந்த மானிட்டரை உதைத்தார், கண்ணாடி அறையின் கண்ணாடியை இல்லாமல் செய்தார். பிறகு மாப்பிள்ளையை மனதார வாழ்த்திக் கட்டிப்பிடித்தார். பழைய விலா அதே இடத்தில் மறுபடியும் விரிந்தது.

திங்கட்கிழமை தலைவரின் முதல் வேலை, கசாப்புக்கடைக்காரன் அடி வாங்கும் காட்சி. அந்த உடம்புக்கு ஈடான உடம்பு கம்பெனியில் ஒன்றுதான் இருந்தது. மச்சான், கொஞ்சம் வாங்க, ரெஃபரன்ஸ் வேணும், பாத்து வரையணும் என்று மரியாதையாகக் கூப்பிட்டார். கண்ணாடியில்லாத கண்ணாடி அறையில் தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்தார். மச்சான் வந்து நின்றதும் கையில் ஓர் ஆப்பிளைக் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார்.

மச்சான் ஆப்பிளைப் பார்த்தார். கடிக்கவில்லை. அந்த மாமலையின் தோள் லேசாக மேலே ஏறியிருந்தது.

“எப்ப அடிப்பேன்னு சொல்லிட்டு அடி, மாப்ள.”

“நீலத்தை அணைச்சாச்சு மச்சான். சாப்பிடுங்க.”