ஆமையின் கன்னத்தில் ஒரு புள்ளி

லென்ஸ் அக்காவுக்கு அந்தப் பேர் வந்தது கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த பூதக்கண்ணாடியால். பொம்மைப்படக் கம்பெனியில் அவள் செக்கர். கடல் தாண்டிய தேசத்துக் குழந்தைகள் டிவியில் பார்க்கிற பொம்மைப்படத்துக்கு இங்கே உட்கார்ந்து ஆயிரம் ஆயிரமாகப் படம் வரைவார்கள், வண்ணம் பூசுவார்கள். கடைசியாக ஒவ்வொன்றையும் பார்த்து, மூலையில் பச்சைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்து அனுப்புகிறவள் அவள். அந்தக் கோடு விழாத படம் கம்பெனி வாசலைத் தாண்டாது.

அவள் அங்கே வந்து சேர்ந்ததும் சொந்தத்தின் வழியாகத்தான். பெரியப்பாவின் மூத்த மருமகன் மின்சார வேலை பார்க்கிறவர். பழைய துணிக்கிடங்கு ஒன்றை முதலாளி வாடகைக்குப் பிடித்து, அடியில் பல்பு எரிகிற கண்ணாடி மேசைகள் முப்பது போட்டபோது, அத்தனைக்கும் ஒயர் இழுத்தவர் அந்த மருமகன்தான். "கை நடுங்காத பொண்ணுங்க வேணுமாம். நம்ம வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். "இவளைக் கூட்டிட்டுப் போங்க. ஊசியில நூல் கோக்கறதைப் பாருங்க, ஒரே தடவைதான்" என்றாள் பெரியம்மா. எட்டாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்த பெண்ணுக்கு அந்த ஊசிதான் சர்டிபிகேட் ஆனது.

முப்பது மேசை நூற்றிருபது ஆவதற்குள் அவள் சொந்தத்தில் ஒன்பது பேரை உள்ளே கொண்டுவந்துவிட்டாள். சின்னம்மா மகள்கள் இரண்டு பேர், ஓரகத்தி, மாமனாரின் தங்கை பேத்தி, நாத்தனாரின் ஓரகத்தி, இப்படி. "பெயின்ட் ரூமுக்குள்ள போனா கல்யாண வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு. யாரைத் திட்டினாலும் அவங்க இன்னொருத்தருக்குச் சித்தியா இருக்காங்க" என்பார் மேனேஜர். திட்டுவதை மட்டும் அவர் குறைத்துக்கொண்டதில்லை.

பத்தாவது ஆள்தான் தம்பி பொண்டாட்டி. தம்பி நல்லவன், ஆனால் எந்த வேலையிலும் ஒட்டமாட்டான். ஈரச் சுவரில் ஒட்டின காகிதம் மாதிரி, ஒரு மாதத்தில் கழன்று விழுந்துவிடுவான். புருஷன், பொண்டாட்டி, ஒரு பெண் குழந்தை, மூன்று பேரும் அக்கா வீட்டுப் பின்னறையில் மூன்று வருஷம் கிடந்தார்கள். அந்த அறைக்குக் கதவு கிடையாது, சேலைதான் திரை. தம்பி பொண்டாட்டி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்: "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் அண்ணி. ஒரு கதவு, அதுக்கு ஒரு பூட்டு. சாவி என் இடுப்புல இருக்கணும்."

லென்ஸ் அக்கா மேனேஜரிடம் நடையாய் நடந்து அவளை ஜெராக்ஸ் மிஷின் அறையில் சேர்த்துவிட்டாள். சேர்ந்த இரண்டாவது மாதமே இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை பார்த்துக் குடி போனாள். அன்றைக்கு அவள் பூட்டைப் பூட்டிப் பூட்டித் திறந்து பார்த்ததைக் கண்டு தம்பிகூடச் சிரித்தான். "போதும்டி, பூட்டு தேஞ்சுடப்போகுது." ஆக, அந்த வேலை இருந்தால் அந்தக் கதவு. வேலை போனால் திரும்பவும் சேலைத் திரை. இது லென்ஸ் அக்காவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு: வந்தது வந்தபடி. அது ஏற்பட்ட கதை இது. ஆரம்ப காலத்தில் அந்தத் தேசத்திலிருந்து வந்த முயல் படத்தில் ஒரு கைக்கு நாலு விரல், மறு கைக்கு அஞ்சு விரல். இங்கே ஒரு வரைகிறவர், பாவம், நல்ல எண்ணத்தில் அஞ்சை நாலாக்கிவிட்டார். கட்டு முழுக்கச் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. 'தவறு இருந்தால் நாங்கள் திருத்திக்கொள்வோம். நீங்கள் வந்தது வந்தபடி வரையவும்.' அதை முதலாளி பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டினார். "காலையில வரும்போது மூளையைச் சாப்பாட்டுப் பையில வச்சு வெளிய மாட்டிடுங்கப்பா, சாயங்காலம் எடுத்துக்கலாம்" என்று அந்த வரைகிறவர் அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சந்தேகம் வந்தால் கேள்வித்தாள் எழுதி ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும். நமக்குப் பகல் அவர்களுக்கு இரவு. பதில் மறுநாள் காலையில் வந்து கிடக்கும்.

அந்த வருஷம் வந்தது ஓர் ஆமைக் கதை. தீயணைப்பு வண்டி ஓட்டுகிற ஆமை. ஆமை போய்ச் சேர்வதற்குள் தீ தானாக அணைந்துவிடும், அதுதான் வேடிக்கை. அந்த ஆமையை முன்னிருந்து, பக்கத்திலிருந்து, பின்னிருந்து எப்படி வரைய வேண்டும் என்று பன்னிரண்டு மாதிரித்தாள்கள் கூரியரில் வந்தன. அசல் தாள்களை மேனேஜர் பீரோவில் வைத்துப் பூட்டுவார். தம்பி பொண்டாட்டி எடுத்துத் தருகிற நகல்தான் மேசைகளுக்குப் போகும். அசலை யாரும் தொடக்கூடாது.

லென்ஸ் அக்கா நகலைப் பார்த்தாள். முன்பக்கத்து முகத்தில், இடது கன்னத்தில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. பக்கவாட்டு முகத்தில் அது இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். நல்ல வட்டமான புள்ளி, வேண்டுமென்றே வைத்த மச்சம் மாதிரி. தூசியோ என்று ஒரு சந்தேகம். முறைப்படி கேள்வித்தாள் எழுதினாள்: 'இடது கன்னத்தில் உள்ள புள்ளி மச்சமா? வரைய வேண்டுமா?' டைப்பிஸ்ட் அதை அந்தத் தேசத்துப் பாஷையில் அடித்து அனுப்பினாள். மறுநாள் பதில் ஒரே வரி: 'மாதிரித்தாளில் உள்ளபடி.'

அங்கே இருக்கிறவர் தன் மேசையில் இருந்த தாளைக்கூட எடுத்துப் பார்த்திருக்கமாட்டார். அவர் தாளில் புள்ளியே கிடையாது. அது இங்கே எப்படித் தெரியும்? உள்ளபடி என்றால் உள்ளபடி. அந்த ஃபேக்ஸ் தாளை லென்ஸ் அக்கா தன் மேசைக் கண்ணாடியின் ஓரத்தில் செல்லோ டேப் போட்டு நன்றாக ஒட்டிவைத்தாள், நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் காட்ட வேண்டுமே என்று.

வேலை ஓடியது. ஆமை தலையைத் திருப்பினால் புள்ளி கன்னத்தோடு எப்படி நகர்ந்து மறைய வேண்டும் என்று வரைகிறவர்கள் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். ஒருத்தர் தன் கன்னத்தில் மையால் புள்ளி வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியே வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டு பாகம் முடிந்து கப்பலேறியது. மூன்றாவது பாதியில் இருந்தது. பதினோரு வாரம்.

அப்போதுதான் அந்தத் தேசத்திலிருந்து மேற்பார்வைக்காரர் வந்தார். நெட்டையான ஆள். துணிக்கிடங்கின் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு, தடவிக்கொண்டே உள்ளே வந்தவர், முதல் மேசையில் நின்றார். படத்தை எடுத்தார். விளக்குக்கு நேரே பிடித்தார். ஆமையின் கன்னத்தைத் தொட்டு ஏதோ கேட்டார். மேனேஜர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

பீரோவைத் திறந்து அசலை எடுத்தார்கள். அதில் புள்ளி இல்லை.

லென்ஸ் அக்கா ஓடிப்போய் ஃபேக்ஸ் தாளைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். "சார், நான் கேட்டேன் சார். பதில் இருக்கு, பாருங்க." நீட்டினாள். மேனேஜர் வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, வெள்ளைத் தாள்?" ஃபேக்ஸ் எழுத்து பிசினுக்கும் வெளிச்சத்துக்கும் தாங்காது. டேப் ஒட்டின இடத்தில் எழுத்து கரைந்து போயிருந்தது. மிச்ச இடத்தைப் பதினோரு வாரம் கீழிருந்து எரிந்த பல்பின் சூடும் வெளிச்சமும் தின்றுவிட்டன. பத்திரம் என்று நினைத்து அவள் ஒட்டிவைத்த இடம்தான் அதற்கு எமன். டைப்பிஸ்ட் ஃபைலைப் புரட்டினாள். கேள்வித்தாளின் நகல் இருந்தது, பதில் இல்லை. ஒரே பதில்தாள், அது இவள் கையில் வெள்ளையாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் பன்னிரண்டு நகலையும் ஒன்றின்மேல் ஒன்றாக மேசை வெளிச்சத்தில் அடுக்கிப் பார்த்தாள். பன்னிரண்டிலும் அதே இடத்தில் புள்ளி. ஒன்றில் ஓட்டின் மேல், ஒன்றில் காலுக்குப் பக்கத்தில், மற்றவற்றில் வெறும் காகிதத்தில். அடுக்கினால் எல்லாம் சேர்ந்து ஒரே புள்ளி. மிஷின் போட்ட புள்ளி. வாழ்நாளெல்லாம் தாளை வெளிச்சத்தில் அடுக்கிப் பார்க்கிற வேலை, இந்தப் பன்னிரண்டை மட்டும் அடுக்கவில்லை. மாதிரித்தாளை யாரும் அடுக்கமாட்டார்கள், அதைப் பார்த்துத்தான் வரைவார்கள்.

"நான் தினமும் கண்ணாடியைத் துடைச்சேன் அண்ணி" என்றாள் தம்பி பொண்டாட்டி. "அது கண்ணாடியில இல்ல, உள்ள உருளையில. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். எழுதிக் குடுன்னாங்க. எனக்கு எழுத வராதே."

மேற்பார்வைக்காரர் ஒரு படிவம் கொடுத்துவிட்டுப் போனார். என்ன தவறு, யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை. மூன்று கட்டம். நடுக் கட்டத்தில் ஒரு பேர் வேண்டும்.

"என் பேரை எழுதுங்க சார்" என்றாள் லென்ஸ் அக்கா. "பச்சைக் கோடு என்னோடது."

"உங்க பேரை எழுதினா உங்களை அனுப்பணும். உங்களை அனுப்பினா மூணாவது பாகத்தை யாரு பாக்கறது? உங்க மாமாவா?"

"அப்ப மிஷின் பேரை எழுதுங்க."

"மிஷினுக்குப் பேரு இல்லம்மா." மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவரும் கெட்டவர் இல்லை, அவர் தலைக்கு மேலும் ஒரு தலை இருந்தது. "ஒரு பேரு போகலேன்னா அடுத்த கதை வேற தேசத்துக்குப் போயிடும். நூத்தி இருபது மேசை. அதுல உங்க ஆளுங்களே ஒன்பது பேர். நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். மிஷினை ஓட்டினவள் பேரை அவர் எழுதினார். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாதக் கடைசியில் ஒற்றை அறையைக் காலி செய்தார்கள். பின்னறையில் திரும்பவும் சேலை கட்டினார்கள். தம்பி பொண்டாட்டி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம். பாத்திரத்தைக் கழுவி, துணியை மடித்து, குழந்தைக்குத் தலை வாரி, "அண்ணி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி ஒவ்வொரு தடவையும் முள் மாதிரி இறங்கியது. தம்பிதான் ஒரு நாள் குத்தினான். "ஊர்ப் படத்துல எல்லாம் ஈ உக்காந்த தடத்தைக்கூடக் கண்டுபிடிப்பா எங்கக்கா. சொந்தத் தம்பி பொண்டாட்டி வேலை போறது மட்டும் கண்ணுக்குத் தெரியல." "நீ ஒரு வேலையில ஒரு மாசம் நின்னுட்டு வந்து பேசு" என்று அவன் பொண்டாட்டியே அவன் வாயை அடைத்தாள்.

பெயின்ட் அறையில் ஒன்பது சொந்தமும் குனிந்து, மூன்றாவது பாகத்துப் படங்களில் பிளேடு நுனியால் புள்ளியைச் சுரண்டி, சுரண்டின இடத்தில் ஆமைப்பச்சை வைத்தார்கள். லென்ஸ் அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக் கோடு இழுத்தாள். நாலு வாரம். கழுத்து திரும்பவில்லை.

அஞ்சாவது வாரம் கடிதம் வந்தது. மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டுப் படித்துக்காட்டினார். முதல் இரண்டு பாகமும் தேதி தள்ள முடியாததால் புள்ளியோடே டிவியில் போய்விட்டதாம். பார்த்த குழந்தைகள் ஆமைக்குக் கன்னத்தில் மச்சம் வைத்துப் படம் வரைந்து அனுப்புகிறார்களாம். ஆகவே இனி எல்லாப் பாகத்திலும் புள்ளி இருக்க வேண்டும். புதிய மாதிரித்தாள் இணைக்கப்பட்டுள்ளது.

"சுரண்டினதை எங்க கொட்டினீங்க? பொறுக்கி எடுங்க" என்றார் முயல் விரலைத் திருத்தின அந்த வரைகிறவர். எல்லோரும் சிரித்தார்கள். லென்ஸ் அக்கா சிரிக்கவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், இப்ப அது தப்பு இல்லையே. அவங்களே வேணும்கறாங்க. அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிடுங்க சார்."

மேனேஜர் கடிதத்தை மடித்து வைத்தார். "படிவம் போயாச்சும்மா. நடவடிக்கை எடுத்தாச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். திரும்ப வச்சுக்கிட்டா அந்தக் கையெழுத்து பொய்யாயிடும். புள்ளி சரியாப் போச்சு. பேரு சரியாப் போகாது."

"அவ என்ன சார் பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல." அவர் குரல் இறங்கிவிட்டது. பிறகு, வேறு பேச்சு எடுக்கிறவர் மாதிரி, "மிஷின் ரூம் காலியா கிடக்கு. தினம் யாரோ ஒருத்தர் போய்த் தாளைச் சிக்க வைக்கறாங்க. உங்க சொந்தத்துல நல்ல ஆளா யாராவது இருந்தா சொல்லுங்களேன்" என்றார்.

லென்ஸ் அக்கா வாசலில் நின்றாள். இருக்கிறாள் என்று வாய் வரை வந்தது. யாரைச் சொல்வாள் என்று அவருக்கும் தெரியும், அதனால் அவர் தலையைத் தூக்கவில்லை. ஓரகத்தியின் தங்கை புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு அஞ்சு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றால் வெளியாள் வருவான். அப்போதும் தம்பி பொண்டாட்டிக்குக் கதவு வராது.

"ஓரகத்தி தங்கச்சி இருக்கா சார்" என்றாள்.

சாயங்காலம் வீட்டில் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் செருப்பைக் கழற்றிக் கழற்றி நேராக வைத்தாள். செய்தி அவளுக்கு முன்னாலேயே ஓரகத்தி வாயால் வந்து உட்கார்ந்திருந்தது.

"அவங்க என்னைக்குச் சேர்றாங்க அண்ணி?" என்று கேட்டாள் தம்பி பொண்டாட்டி. கையில் குழந்தையின் துணி, பாதி மடித்தபடி.

"திங்கக்கிழமை."

"மிஷின் சூடாக மூணு நிமிஷம் ஆகும்னு சொல்லுங்க. அவசரப்பட்டா தாள் சிக்கும். சிக்கினா மேலே இழுக்கக்கூடாது, கீழ ஒரு சின்னக் கதவு இருக்கு, அதைத் திறந்து எடுக்கணும்." மடிப்பை முடித்தாள். "நீங்க சொல்லலேன்னா யாரும் சொல்லமாட்டாங்க. என்னைப் போட்டு முதல் நாளே திட்டின மாதிரி திட்டுவாங்க."

"சொல்றேன்" என்றாள் லென்ஸ் அக்கா.

தம்பி பொண்டாட்டி துணியை எடுத்துக்கொண்டு, சேலையை ஒதுக்கி உள்ளே போனாள்.